ரைனிங் குதிரை: பயிற்சியாளரிடமா, சவாரிக்காரரிடமா, பண்ணையிலா?

டெக்சாஸில் டாலஸுக்கு வடக்கே பிரிஸ்கோ, பிராஸ்பர், பிளேனோ பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர் குடியேறிவிட்டார்கள். அந்த ஊர்களைத் தாண்டி என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்தவர்கள் குறைவு. 377ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து ஆப்ரி, பைலட் பாயின்ட், டியோகா, வைட்ஸ்பரோ என்று போனால் வேலிக்கு வேலி குதிரைப் பண்ணைதான். க்வார்ட்டர் என்னும் அமெரிக்கக் குதிரை இனத்தை வளர்ப்பவர்கள், பயிற்சியாளர்கள், லாடம் அடிப்பவர்கள், குதிரை வைத்தியம் மட்டுமே பார்க்கும் டாக்டர்கள் என எல்லோரும் பக்கத்திலேயே கிடைப்பார்கள். பிள்ளையைச் சவாரி வகுப்பில் சேர்த்த பெற்றோர் சிலர் கொஞ்ச காலத்தில் ரைனிங் என்னும் குதிரைப் போட்டிப் பக்கம் வந்துவிடுகிறார்கள். அடுத்து வரும் கேள்வி, சொந்தமாக ஒரு குதிரை வாங்கிவிடலாமா என்பது. வாங்குவதென்று முடிவாகிவிட்டது, அதுவும் உள்ளூரில்தான் என்று வைத்துக்கொண்டு, யாரிடம் வாங்குவது என்பதை மட்டும் பார்க்கலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் குதிரை என்றால் பத்து வயதைத் தாண்டிய, போட்டிக் களத்தில் அடிபட்டுத் தேறிய, காயடித்த ஆண் குதிரை. அதையும் இத்தனை நாள் ஓட்டிய நான்-ப்ரோ சவாரிக்காரரிடமிருந்தே வாங்க வேண்டும். சவாரியைத் தொழிலாகச் செய்யாமல், சொந்தக் குதிரையில் போட்டிக்கு வருபவர்களை இங்கே நான்-ப்ரோ என்பார்கள். மற்ற வழிகள் எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. அவை வேறு ஆட்களுக்கு.

ஏன் இப்படி என்பது புரிய, ரைனிங் எப்படிப்பட்ட ஆட்டம் என்று தெரிந்திருக்க வேண்டும். வரையறுத்த வரிசைப்படி குதிரை பெரிய வட்டம் வேகமாகவும் சிறிய வட்டம் மெதுவாகவும் ஓட வேண்டும். பாய்ச்சலில் முந்தி எட்டிப் போடும் காலை ஓடும்போதே மாற்ற வேண்டும். நின்ற இடத்தில் சுழல வேண்டும். நாலு கால் பாய்ச்சலில் வந்து பின்னங்கால்களை மடக்கி மண்ணில் சறுக்கி நிற்க வேண்டும். நின்ற வேகத்தில் திரும்பி ஓட வேண்டும். இவ்வளவும் ஒற்றைக் கையில், கடிவாள வார் தொய்வாக இருக்கும்போதே நடக்க வேண்டும். மதிப்பெண் 70இல் தொடங்கும். ஒவ்வோர் அசைவுக்கும் ஒன்றரை வரை கூடும் அல்லது ஒன்றரை வரை குறையும். இடையில் அரை அரையாக. சுழலும்போது நிற்க வேண்டிய இடத்தைக் கால் சுற்றுக்கு மேல் தாண்டிவிட்டால் அந்த ஓட்டத்துக்கே பூஜ்யம்.

இப்படிப் பழக்கிய குதிரைக்கு உடம்பைச் சற்று நகர்த்தினாலே போதும், அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். புதிதாக ஓட்டுபவர் உடம்போ தெரியாமல் நூறு கட்டளை கொடுத்துக்கொண்டே இருக்கும். பொறுமையான கிழக் குதிரை அதில் தொண்ணூறைக் கண்டுகொள்ளாது. நான்கு வயதுக் குதிரை நூறையும் கேட்டுக் குழம்பிப் போகும், பிறகு எதையும் கேட்காது.

முதலில் பயிற்சியாளர். விற்பனைக்கு இருக்கும் குதிரைகளில் பெரும்பங்கு இவர்கள் கொட்டகையில்தான் நிற்கிறது, அல்லது இவர்கள் வாய்வழியாகத்தான் விலைபோகிறது. நல்ல பயிற்சியாளரிடம் வாங்குவதில் உள்ள பெரிய வசதி, அவருக்கு உங்கள் மாதப் பணம் வேண்டும் என்பது. பொருத்தமில்லாத குதிரையை உங்கள் தலையில் கட்டினால் அடுத்த மாதம் நீங்கள் வேறு கொட்டகைக்குப் போய்விடுவீர்கள் என்று அவருக்குத் தெரியும். ஒத்துவராத குதிரையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறொன்று பார்த்துக் கொடுப்பவர்களும் உண்டு.

ஆனால் அங்கே நீங்கள் பார்ப்பது தினமும் ஒரு தொழிற்காரர் ஏறி இறங்கும் குதிரையை. அது பிரமாதமாகத்தான் ஓடும். வீட்டுக்குக் கொண்டுவந்து சில வாரம் நீங்களே ஓட்டினால் சுழற்சி மந்தமாகும், நிறுத்தம் மழுங்கும். திரும்பப் பயிற்சிக்கு அனுப்பினால் மாதம் ஆயிரம் டாலருக்கு மேல். லாடமும் டாக்டரும் தனி. ஆகவே பயிற்சியாளர் சொல்லும் விலையைக் குதிரையின் விலை என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் குதிரையை அந்தத் தரத்தில் வைத்திருக்க ஆகும் மாதச் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம் தரகு. உங்களுக்குக் குதிரை தேடித் தரும் பயிற்சியாளர் உங்களிடம் ஒரு பங்கு வாங்குவது முறைதான். விற்பவரிடமும் ஒரு பங்கு வாங்குகிறாரா என்பதைத்தான் கேட்க வேண்டும். கென்டக்கி, புளோரிடா, கலிபோர்னியா மாநிலங்களில் இப்படி இரண்டு பக்கமும் நிற்பதைக் கட்டுப்படுத்தத் தனி விதிகளே வந்துவிட்டன. எந்த ஊராக இருந்தாலும், உரிமையாளர் யார், அவர் கைக்கு எவ்வளவு போகிறது, நடுவில் யாருக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் கேளுங்கள். மனத்தாங்கல் வரும் என்று தயங்குவோம். நேர்மையானவருக்கு வராது.

பயிற்சியாளர் கொட்டகையிலேயே இன்னொரு வகை உண்டு. உள்ளூரில் மலிவாகக் கிடைக்கும் நல்ல குதிரையும் அதில்தான், மலிவாகக் கிடைக்கும் வம்பும் அதில்தான். தேசிய ரைனிங் குதிரைச் சங்கமான என்.ஆர்.எச்.ஏ. 1966இல் தொடங்கியது, தலைமையகம் ஓக்லஹோமா சிட்டி. ஒவ்வோர் ஆண்டின் கடைசியிலும் அங்கே நடக்கும் ஃப்யூச்சுரிட்டி மூன்று வயதுக் குதிரைகளுக்கான போட்டி. பெரும் பரிசுப் பணம் அங்கேதான் என்பதால் இரண்டு வயதிலேயே சேணம் ஏற்றி, மூன்று வயது முடிவதற்குள் எல்லா வித்தையும் கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு தொழிலே ஓடுகிறது. ஜனவரி ஒன்றாம் தேதி எல்லாக் குதிரைக்கும் ஒரு வயது கூடும் என்பது கணக்கு. ஜூனில் பிறந்த குட்டிக்கும் அதே கெடுதான். இந்த ஓட்டத்தில் பாதியில் கழித்துவிடும் குதிரைகள் ஏராளம். போட்டி முடிந்து புது இரண்டு வயதுக் குட்டிகளுக்கு லாயம் காலியாக வேண்டும் என்னும்போது விலையும் இறங்கும்.

ஏன் கழித்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரிய போட்டிக்கு வேகம் போதவில்லை, நிறுத்தத்தில் பிரமிக்க வைக்கவில்லை என்றால் நமக்கு லாபம். உள்ளூர்ப் போட்டியில் அது அள்ளிக்கொண்டு வரும். கால் தாங்கவில்லை, அல்லது அவசரப் பயிற்சியில் மனம் எரிந்துவிட்டது என்றால் எந்த விலைக்கும் வேண்டாம். காலை எக்ஸ்ரேயில் பார்த்துவிடலாம். மனதைப் பார்ப்பது கடினம். மைதானத்துக்குள் நுழைந்ததும் வாலைச் சுழற்றுகிறதா, வாயைப் பிளக்கிறதா, நடக்கச் சொன்னால் நடக்கிறதா, ஓட்டுபவரின் குதிகால் நெருங்கும் முன்பே பதறுகிறதா என்று கவனியுங்கள். வேகமாக ஓடிவிட்டு வந்து கடிவாள வாரைத் தளர்த்தியதும் தலையைத் தாழ்த்தி ஒரு பெருமூச்சு விடும் குதிரையை நான் நம்புவேன். இந்த வகையை வாங்க உங்களுக்கு ஓரளவு சவாரி கைவந்திருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு பயிற்சியாளரும் வேண்டும்.

அடுத்து நான்-ப்ரோ சவாரிக்காரர். இவர் ஏன் விற்கிறார் என்று கேட்டாலே பாதி வேலை முடியும். பிள்ளை கல்லூரிக்குப் போகிறது, குதிரை ஓட்ட ஆளில்லை என்பது கேட்கவே இனிமையான காரணம். அப்படிப்பட்ட குதிரை கோடைக்கு முன் சந்தைக்கு வரும், வந்த வேகத்தில் போய்விடும். மேல்நிலைப் போட்டிக்குப் போக வேறு குதிரை வாங்கப் போகிறேன் என்பதும் நல்ல காரணமே. அவருக்குப் போதாதது உங்களுக்கு ஐந்தாண்டுக்குப் போதும். நேரமில்லை என்பது மட்டும் கொஞ்சம் வழவழப்பான பதில். அதற்கு மேல் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்.

இவரிடம் வாங்குவதில் அடிப்படையான நன்மை, அந்தக் குதிரை உங்களைப் போன்ற ஒருவரைச் சுமந்து காட்டியிருக்கிறது என்பது. யார் ஏறினால் என்ன மதிப்பெண், எவ்வளவு பரிசுப் பணம் என்பது என்.ஆர்.எச்.ஏ. பதிவில் இருக்கும். தொழிற்காரர் ஓட்டி 72 வாங்கி, உரிமையாளர் ஏறியதும் 64க்கு விழும் குதிரைக்கும், யார் ஏறினாலும் 68, 69 என்று வரும் குதிரைக்கும் வித்தியாசம் உண்டு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

கழுத்தில் மெடல் போட்ட படங்களோடு சேர்த்துப் பாசத்துக்கும் விலை போட்டிருப்பார்கள் என்பது இங்கே உள்ள சிக்கல். பேரம் பேசினால் முகம் சுண்டும். அதைவிட முக்கியம், நான்-ப்ரோ என்று சொல்லப்படும் பல குதிரைகளும் உண்மையில் பயிற்சியாளர் கொட்டகையில்தான் வளர்கின்றன. காலையில் அவர் ஒரு மணி நேரம் ஓட்டிக் களைக்க வைத்த பிறகு மாலையில் பிள்ளை ஏறி வெற்றி பெறும். ஆகவே போட்டிக் களத்துக்கே போய், வார்ம்-அப் மைதானத்தின் ஓரத்தில் நின்று பாருங்கள். யார் முதலில் ஏறுகிறார், எத்தனை நேரம் வட்டமடிக்கிறார், அதன் பிறகு யார் கையில் கொடுக்கிறார். உள்ளூரில் வாங்குவதன் உண்மையான பலன் இதுதான். தொலைவிலிருந்து வாங்குபவருக்குக் கிடைப்பது விற்பவர் பொறுக்கி எடுத்த காணொளி.

ரைனிங்குக்கே உரிய ஒரு கோளாறும் களத்தில்தான் தெரியும். போட்டியில் ஓட்டுபவர் திருத்த மாட்டார், திருத்தினால் மதிப்பெண் போகும் என்பதைச் சில குதிரைகள் கற்றுக்கொண்டுவிடுகின்றன. வீட்டில் தங்கம், களத்தில் நடுமைதானம் வந்ததும் தானாகவே வேகம் குறைக்கும், நிற்கச் சொல்வதற்குள் நிற்கும், வட்டத்தில் வாசல் பக்கம் சாயும். வீட்டு மைதானத்தில் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் இது வெளியே வராது. ஒரே வார இறுதியில் இரண்டாவது, மூன்றாவது ஓட்டத்தைப் பார்த்தால் வரும்.

பண்ணையில் குட்டியாக வாங்குவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வயதுக் குட்டியின் விலையைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் ஒரு கணக்குப் போட வேண்டும். இரண்டு ஆண்டுப் பயிற்சிக்கு மட்டும் 24 மாதம், மாதம் ஆயிரத்துக்கு மேல். தீனி, டாக்டர், லாடம் சேர்த்தால் நீங்கள் பயமில்லாமல் ஏறி உட்காரும் நாளில் தேறிய குதிரையின் விலையைத் தாண்டியிருக்கும். அப்போதும் அது ஓடும் என்ற உறுதி கிடையாது. வளர்ப்பதே உங்கள் ஆசை என்றால் சரி.

ஆனால் பண்ணைக்காரர் பேச்சில் வரும் வம்சாவளியைக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. நம் ஊர்ச் சந்தையில் சுழி பார்ப்பது போல இங்கே தகப்பன் பெயரைப் பார்க்கிறார்கள். ஹாலிவுட் டன் இட், ஸ்மார்ட் சிக் ஒலினா, கன்னர், விம்பிஸ் லிட்டில் ஸ்டெப் என்ற பெயர்கள் காகிதத்தில் இருந்தால் குரல் உயரும், விலையும் உயரும். பொலிகுதிரையாகவோ தாய்க்குதிரையாகவோ வைத்துக்கொள்ளாத ஒருவர், காயடித்த பன்னிரண்டு வயதுக் குதிரையின் தாத்தா பெயருக்குப் பணம் கொடுப்பது வீண். கன்னர் செவிட்டுக் குதிரை. முகத்தில் நிறைய வெள்ளையோடு பிறக்கும் அதன் வாரிசுகள் சிலவும் செவிடு. அது ஒரு குறையே அல்ல என்று அவற்றை ஓட்டுபவர்கள் சொல்வார்கள். ‘வோ’ என்று சத்தம் போட்டு நிறுத்திப் பழகியவர் மட்டும் உட்காரும் விதத்தால் நிறுத்தக் கற்க வேண்டியிருக்கும். தெரிந்து வாங்கினால் சிக்கலில்லை.

மரபணு நோய் வேறு விஷயம், அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. க்வார்ட்டர் குதிரைச் சங்கமான ஏ.க்யூ.எச்.ஏ. பல நோய்களுக்கு ஒரே தொகுப்பாகச் சோதனை வைத்திருக்கிறது. பிடரி மயிர் சிலவற்றை வேரோடு பிடுங்கி அனுப்பினால் போதும். ரைனிங் வம்சங்களிலும், மந்தையிலிருந்து மாட்டைப் பிரிக்கும் கட்டிங் போட்டி வம்சங்களிலும் கவனிக்க வேண்டியது ஹெர்டா என்னும் தோல் நோய். போகோ புவேனோ என்ற பொலிகுதிரை வழியில் வந்த நோய் இது. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் தோல் பிய்ந்து வரும். பெரும்பாலும் சேணம் ஏற்றத் தொடங்கும் இரண்டு வயதில்தான் தெரியவரும். ஒரு பக்கம் மட்டும் வந்திருந்தால் குதிரைக்கு எந்தத் தொல்லையும் இல்லை. காயடித்த குதிரையில் அது பொருட்டே இல்லை. குட்டி போட வைக்கும் எண்ணத்தில் பெட்டை வாங்கினால் பொருட்டு.

குதிரை வியாபாரி, இணைய விளம்பரம், ஏலம். இந்த மூன்றையும் முதல்முறை வாங்குபவருக்கு நான் சொல்ல மாட்டேன். வியாபாரியிடம் குதிரை வந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், அதன் கதை அவருக்கே தெரியாது. விளம்பரத்தில் ‘தேறிய ரைனர்’ என்றால் இரண்டு சுற்றுச் சுழலும் என்று பொருள் கொள்ளலாம். ஃப்யூச்சுரிட்டி சமயத்தில் ஓக்லஹோமா சிட்டியில் நடக்கும் ஏலங்களில் அருமையான குதிரைகள் வரும். ஆனால் அங்கே முடிவெடுக்க உங்களுக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள். பக்கத்தில் கை தேர்ந்தவர் நிற்க வேண்டும். ஆறு மாதம் குத்தகைக்கு எடுத்துப் பிறகு வாங்கும் ஏற்பாடு கிடைத்தால் அருமை. ஆனால் என்.ஆர்.எச்.ஏ.வின் நான்-ப்ரோ பிரிவில் ஓட வேண்டுமானால் குதிரை உங்கள் பெயரிலோ குடும்பத்தார் பெயரிலோ இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பார்க்கப் போகும்போது சேணம் ஏற்றுவதற்கு முன்பே போய்ச் சேருங்கள். லாயத்திலிருந்து பிடித்து வருவதிலிருந்து பார்க்க வேண்டும். போகும்போதே உடம்பு வியர்த்துக் காய்ந்த தடம் இருந்தால் காலையில் யாரோ ஓட்டிக் களைக்க வைத்திருக்கிறார்கள். முதலில் விற்பவர் ஏறட்டும், அவர் ஏற மறுத்தால் நீங்களும் ஏற வேண்டாம். வேகமான வட்டத்திலிருந்து மெதுவான வட்டத்துக்கு வாரை இழுக்காமல் இறங்குகிறதா என்பதை நான் சறுக்கலைவிட அதிகமாகப் பார்ப்பேன். சறுக்கல் கண்ணைக் கவரும். தினமும் உங்களோடு வாழப்போவது அந்த வட்டம். சறுக்கி நிற்க பின்னங்குளம்பில் அகலமான வழவழப்பு லாடம் இருக்க வேண்டும், அடியில் உறுதியான தரையும் மேலே இளகிய மண்ணும் வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் நிறுத்திக் காட்டச் சொல்லாதீர்கள். இருந்தாலும் ஒன்றிரண்டு நிறுத்தத்தோடு போதும் என்று சொல்லிவிடுங்கள். திரும்பத் திரும்பச் சறுக்கச் சொல்லும் ஆளை எந்தக் கொட்டகையிலும் யாருக்கும் பிடிக்காது.

டாக்டர் விஷயத்தில் உள்ளூருக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. குதிரைக்கு நல்ல டாக்டர் என்று ஊரே கைகாட்டுபவர் விற்பவரின் குதிரைகளுக்கும் அவர்தான் டாக்டராக இருப்பார். வேறு ஒருவரைப் பிடியுங்கள். பழைய மருத்துவக் குறிப்புகளை விற்பவர் அனுமதியோடு கேட்டு வாங்குங்கள். பரிசோதனையில் காலை மடக்கிப் பிடித்திருந்து விட்டு உடனே ஓடவிட்டுப் பார்ப்பார்கள். பின்னங்கால் ஹாக் மூட்டு, அதற்கு மேலே உள்ள ஸ்டைஃபிள் மூட்டு, முன்னங்குளம்பு இவற்றுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். ரத்தம் எடுத்து வைத்துக்கொள்ளவும் சொல்லலாம். பிறகு குதிரையின் குணம் திடீரென்று மாறினால் அன்றைக்கு மயக்க மருந்தோ வலி மருந்தோ இருந்ததா என்று சோதிக்க உதவும்.

ஒரு விஷயத்தில் நம்மவர்கள் பலரிடமிருந்து நான் மாறுபடுகிறேன். எக்ஸ்ரேயில் ஹாக் மூட்டின் அடிப்பகுதியில் தேய்மானம் என்று டாக்டர் சொன்னதும் வேண்டாம் என்று ஓடிவருகிறார்கள். பல ஆண்டு சறுக்கி நின்ற குதிரையின் ஹாக் அப்படித்தான் இருக்கும். அசைவு குறைந்த அந்த மூட்டுகளுக்கு அவ்வப்போது ஊசி போட்டு வசதியாக ஓட்டுபவர்கள் எத்தனையோ பேர். ஒரே விலைக்குப் படம் சுத்தமான ஐந்து வயதும், ஹாக்கில் தேய்மானமுள்ள பன்னிரண்டு வயதும் வந்தால் நான் பன்னிரண்டைப் பிடிப்பேன். கடைசியாக எப்போது ஊசி போட்டார்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று கேட்டு, ஊசியின் பலன் தீரும் சமயத்தில் அது எப்படி நடக்கிறது என்று பார்ப்பேன். முன்னங்குளம்பில் உள்ள நேவிகுலர் எலும்புக் கோளாறும், பின்னங்காலின் சஸ்பென்சரி தசைநார் காயமும் வேறு கதை. அதில் நான் தைரியம் சொல்ல மாட்டேன்.

காகிதம் சரியாக இருக்க வேண்டும். ஏ.க்யூ.எச்.ஏ. பதிவுச் சான்றில் உரிமையாளர் பெயரும் உங்களிடம் விற்பவர் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நடுவில் ஒரு மாற்றுப் படிவம் பதிவாகாமல் கிடக்கிறது, அந்தப் பழைய உரிமையாளரைத் தேடிக் கையெழுத்து வாங்குவது உங்கள் வேலையாகிவிடும். டெக்சாஸில் கைமாறும் குதிரைக்கு, தொற்று ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கும் காகின்ஸ் ரத்தச் சோதனை பன்னிரண்டு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். முன்பணம் கொடுத்தால், டாக்டர் பரிசோதனையில் ஒத்துவராவிட்டால் முழுதும் திருப்பித் தரப்படும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். சில நாள் வைத்துப் பார்க்க அனுமதித்தால், அந்த நாட்களில் குதிரைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

வாங்கிய பிறகு உடனே இடம் மாற்றாதீர்கள். முதல் மாதம் அது நின்ற கொட்டகையிலேயே பணம் கட்டி வைத்து, அதை இதுவரை ஓட்டியவர் முன்னிலையில் நீங்கள் ஓட்டிப் பழகுங்கள். எந்தக் கடிவாளம், எவ்வளவு நேரம் வார்ம்-அப், சுழற்சியில் எந்தப் பக்கம் சோம்பல் என்பதையெல்லாம் விற்பவர் விலை பேசும்போது சொல்ல மாட்டார், பணம் கைக்கு வந்த பிறகு நிதானமாகச் சொல்வார்.